வேர்டு அட்டவணையில் கணக்குப் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விலைப்புள்ளி, ரசீது, சங்கத்தின் வரவு செலவு, விழாக்குழுவின் கணக்கு. இவற்றைப் பெரும்பாலானோர் வேர்டில்தான் அட்டவணை போட்டு அடிக்கிறார்கள். ஆனால் கூட்டலை மட்டும் பக்கத்தில் கால்குலேட்டரை வைத்துப் போட்டு, வந்த எண்ணைக் கையால் தட்டுகிறார்கள். எங்கள் சிறிய டிடிபி மையத்தில் நானும் பல காலம் அப்படித்தான் செய்தேன். அட்டவணைக்குள்ளேயே கணக்குப் போடும் வசதி வேர்டிலும் உண்டு, லிப்ரே ஆபிஸ் ரைட்டரிலும் உண்டு. அதைக் கற்றுக்கொண்ட பிறகு என்னிடம் வந்து கேட்டவர்களின் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒரு குறிப்பு. சூத்திரங்களைத் தமிழ் எழுத்தில் ஒலிப்பாகவே தருகிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். ‘சம்’ என்றால் எஸ், யூ, எம். ‘அபவ்’ என்றால் ஏ, பி, ஓ, வி, ஈ. கட்டத்தின் பெயர் பி2 என்றால் ஆங்கில பி, அதை ஒட்டி 2. பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்ற கவலை வேண்டாம்.

எல்லாப் பதில்களுக்கும் ஒரே உதாரணம்: பந்தல் வாடகைக்கான விலைப்புள்ளி. நான்கு நெடுவரிசைகள்: பொருள், எண்ணிக்கை, விலை, தொகை. முதல் வரிசை தலைப்பு.

வரிசை 2: நாற்காலி, 250, 9, 2250
வரிசை 3: மேசை, 40, 35, 1400
வரிசை 4: பந்தல், 1, 18000, 18000
வரிசை 5: மொத்தம் 21650
வரிசை 6: மத்திய ஜிஎஸ்டி 9 சதவீதம், 1948.50
வரிசை 7: மாநில ஜிஎஸ்டி 9 சதவீதம், 1948.50
வரிசை 8: ஆக மொத்தம் 25547

எக்செல் இருக்கும்போது வேர்டில் எதற்குக் கணக்கு?

கடிதத்தின் நடுவே ஒரு சின்ன அட்டவணை, அதில் நாலைந்து கூட்டல். இதற்காக எக்செல்லில் போட்டு, வெட்டி, ஒட்டி, கோடுகளைச் சரிசெய்து நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். தாளின் தலைப்பு, முகவரி, நிபந்தனைகள், கையொப்ப இடம் எல்லாம் வேர்டில்தான் அழகாக அமையும். அட்டவணை பெரிதாகிப்போனால் என்ன செய்வது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கட்டங்களுக்குப் பெயர் எங்கே தெரியும்?

வேர்டில் எங்கேயும் தெரியாது. நாமே எண்ண வேண்டும். இடமிருந்து வலமாக நெடுவரிசைகள் ஏ, பி, சி, டி. மேலிருந்து கீழாக வரிசைகள் 1, 2, 3. தலைப்பு வரிசையையும் சேர்த்தே எண்ணுங்கள். பலர் தவறுவது இங்கேதான். நம் உதாரணத்தில் நாற்காலியின் விலை சி2, சி1 அல்ல.

முதல் சூத்திரத்தை எப்படிப் போடுவது?

விடை வர வேண்டிய கட்டத்தில் கர்சரை வையுங்கள். அட்டவணைக்குள் நின்றால்தான் மேலே லேஅவுட் என்ற தாவல் தெரியும். பக்க அமைப்புக்கான இன்னொரு லேஅவுட்டும் அங்கே இருக்கும். நமக்கு வேண்டியது வலப்பக்கம் இருக்கும் அட்டவணைக்கானது. அதன் கடைசியில், டேட்டா என்ற பகுதியில், ஃபார்முலா என்ற பொத்தானை அழுத்தினால் ஒரு சிறு பெட்டி திறக்கும்.

மேலே எண்கள் இருந்தால் வேர்டு தானாகவே =சம்(அபவ்) என்று எழுதி வைத்திருக்கும். ‘மேலே உள்ளதைக் கூட்டு’ என்று பொருள். மேலே எதுவும் இல்லாமல் இடப்பக்கம் எண்கள் இருந்தால் =சம்(லெஃப்ட்) என்று இருக்கும். வலப்பக்கத்துக்கு ரைட், கீழே உள்ளவற்றுக்கு பிலோ.

வேர்டு யோசனை சொன்னதை அப்படியே ஏற்க வேண்டும் என்றில்லை. அதை அழித்துவிட்டு நமக்கு வேண்டியதைத் தட்டலாம். நாற்காலித் தொகைக்கு =பி2*சி2. மொத்தத்துக்கு =சம்(டி2:டி4). வரிக்கு =டி5*0.09. ஆக மொத்தத்துக்கு =டி5+டி6+டி7. பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி, வகுத்தலுக்குச் சாய்கோடு. முன்னால் சமக்குறியை விட்டுவிடக் கூடாது.

கூட்டலைத் தவிர சராசரிக்கு ஆவரேஜ், பெருக்கலுக்கு ப்ராடக்ட், மிகப் பெரியதற்கு மேக்ஸ், மிகச் சிறியதற்கு மின், முழுமையாக்க ரவுண்ட், நிபந்தனைக்கு இஃப் என்று இன்னும் சில செயல்பாடுகள் உண்டு. பேஸ்ட் ஃபங்ஷன் என்ற பட்டியலில் அவை கிடைக்கும். எக்செல்லில் உள்ள நூற்றுக்கணக்கான செயல்பாடுகளை இங்கே தேட வேண்டாம். விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கின்றன.

எண்ணை மாற்றினேன், மொத்தம் மாறவே இல்லை. பழுதா?

பழுது இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

எக்செல்லில் ஒரு எண்ணைத் தொட்டவுடன் எல்லா விடைகளும் மாறும். வேர்டு அப்படிச் செய்யாது. வேர்டுக்குச் சூத்திரம் என்பது ஒரு ஃபீல்டு. பக்க எண், தேதி, பொருளடக்கம் போன்றவையும் ஃபீல்டுகளே. சூத்திரத்தைப் போட்ட நொடியில் ஒருமுறை கணக்குப் பார்த்து விடையை எழுதிவைக்கும். அதன் பிறகு நீங்கள் ‘மறுபடி பார்’ என்று சொல்லும்வரை அந்தப் பழைய விடைதான் தாளில் நிற்கும்.

மறுபடி பார்க்கச் சொல்லும் விசை எஃப்9. விடையின் மேல் கர்சரை வைத்து எஃப்9 அழுத்துங்கள். அல்லது வலது சொடுக்கு செய்து அப்டேட் ஃபீல்டு. அட்டவணை முழுவதையும் புதுப்பிக்க, அதன் இட மேல் மூலையில் தெரியும் நான்கு அம்புக் குறியைச் சொடுக்கி முழு அட்டவணையையும் தேர்ந்தெடுத்து எஃப்9 அழுத்துங்கள். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும். கன்ட்ரோல்+ஏ போட்டு ஆவணம் முழுவதையும் புதுப்பிக்கலாம்தான். ஆனால் ஆவணத்தில் தேதியும் ஃபீல்டாக இருந்தால் போன மாதக் கடிதத்தில் இன்றைய தேதி வந்து உட்காரும். அதனால் அட்டவணையை மட்டும் தேர்ந்தெடுப்பதே நல்லது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு வாடிக்கையாளருக்கு 250 நாற்காலிக்கு விலைப்புள்ளி அடித்தோம். மறுநாள் 300 நாற்காலி என்று மாற்றச் சொன்னார்கள். எண்ணிக்கையை 300 ஆக்கினேன், தொகையையும் 2700 என்று கையால் மாற்றினேன். கீழே மொத்தம் சூத்திரம்தானே, அது தானே மாறியிருக்கும் என்று நினைத்து அப்படியே அச்சடித்துக் கொடுத்துவிட்டேன். மொத்தம் 21650 என்றே இருந்தது. 450 ரூபாயும் அதற்கான வரி 81 ரூபாயும், ஆக 531 ரூபாய் குறைவு. எழுதிக் கொடுத்த தொகைதான் தொகை என்று ஆகிவிட்டதால் அந்த வித்தியாசம் எங்கள் கையிலிருந்து போனது. தொகை சிறிதுதான். அன்றிலிருந்து அச்சுப் பொத்தானைத் தொடுவதற்கு முன் என் விரல் எஃப்9 மேல் போய் வருகிறது.

ஒரு காப்பும் உண்டு. ஃபைல், ஆப்ஷன்ஸ், டிஸ்ப்ளே என்று போனால் ‘அச்சடிப்பதற்கு முன் ஃபீல்டுகளைப் புதுப்பி’ என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும். அதை இயக்கி வையுங்கள். ஆனாலும் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். கோப்பை அச்சடிக்காமல் அப்படியே மின்னஞ்சலில் அனுப்பும் நாளும் வருமே!

இன்னொன்று, வேர்டு ஃபீல்டுகளை மேலிருந்து கீழாகத்தான் புதுப்பிக்கும். ஆக மொத்தத்தை அட்டவணையின் உச்சியில் காட்டி, அது கீழேயுள்ள மற்ற சூத்திரங்களைச் சார்ந்திருந்தால், முதல் எஃப்9-இல் பழைய எண்ணையே எடுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட அட்டவணையில் இரண்டு முறை அழுத்துங்கள்.

போட்ட சூத்திரத்தை எப்படித் திருத்துவது?

விடையின் மேல் கர்சரை வைத்து ஷிஃப்ட்+எஃப்9. எண் மறைந்து, நெளி அடைப்புக்குறிக்குள் சூத்திரம் தெரியும். சாதாரண எழுத்தைத் திருத்துவதுபோல உள்ளே திருத்துங்கள். பிறகு எஃப்9 அழுத்தினால் புது விடை வந்துவிடும். எனக்குப் பிடித்த வழி இதுதான், வேகமானது. விசைகள் நினைவில் நிற்காதவர்கள் வலது சொடுக்கு செய்து டாகிள் ஃபீல்டு கோட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆவணத்தில் எங்கெல்லாம் சூத்திரம் இருக்கிறது என்று ஒரே பார்வையில் காண ஆல்ட்+எஃப்9. மறுபடி அதையே அழுத்தினால் எண்கள் திரும்பும்.

அந்த நெளி அடைப்புக்குறியைக் கையால் தட்டினால் வேலை செய்யாது. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் வேர்டுக்கு அது வெறும் எழுத்து. சூத்திரத்தைப் பெட்டி இல்லாமல் நேராக எழுத விரும்பினால் கன்ட்ரோல்+எஃப்9 அழுத்துங்கள்; உண்மையான அடைப்புக்குறி வரும், அதற்குள் எழுதுங்கள்.

வேறொருவர் கைபட்ட கோப்பில் எஃப்9 எதையும் மாற்றவில்லை. ஏன்?

யாரோ விடையை அழித்துவிட்டு எண்ணைக் கையால் தட்டியிருக்கிறார்கள். ஃபீல்டு அதோடு போய்விட்டது. இப்போது அங்கே இருப்பது வெறும் எண். ஆல்ட்+எஃப்9 போட்டுப் பாருங்கள். சூத்திரமாக மாறாத எண் எதுவோ அதுதான் கையால் தட்டியது.

பலர் கையாளும் கோப்பு என்றால் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு பகுதியில் ஃபீல்டு ஷேடிங் என்பதை ‘எப்போதும்’ என்று வைத்துவிடுங்கள். சூத்திர விடைகள் சாம்பல் நிறப் பின்னணியில் தெரியும். அந்த நிறம் அச்சில் வராது. எங்கள் கணினி எல்லாவற்றிலும் இப்படித்தான் வைத்திருக்கிறோம்.

=சம்(அபவ்) தப்பான விடை தருகிறதே?

தரும். அபவ் என்பது வசதியான சொல்தான். ஆனால் மேலே எது எண், எது தலைப்பு, எது ஏற்கெனவே கூட்டிய தொகை என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மூன்று இடங்களில் அது நம்மை ஏமாற்றும்.

தலைப்பில் ஆண்டு இருந்தால் அதையும் கூட்டிவிடும். ஒரு சுய உதவிக் குழுவின் சேமிப்புப் பட்டியலில் தலைப்பு 2024, கீழே 500, 600, 400. மொத்தம் 1500 வர வேண்டும். வந்தது 3524. சிறிய தொகை என்பதால் கண்ணில் பட்டது. லட்சக்கணக்கில் உள்ள பட்டியலில் ஒரு இரண்டாயிரம் கூடுதலாக நுழைந்தால் யாருக்குத் தெரியும்?

இடைக்கூட்டல் இருந்தால் இரட்டிப்பாகும். நம் விலைப்புள்ளியில் கடைசி வரிசையில் =சம்(அபவ்) போட்டால், தனித்தனித் தொகைகள் 21650, மொத்தம் என்று எழுதிய 21650, வரி 3897 எல்லாம் சேர்ந்து 47197 என்று வரும். சரியான விடை 25547.

நடுவில் வெற்றுக் கட்டம் இருந்தால் கூட்டல் அங்கேயே நின்றுவிடக்கூடும். மேலே உள்ளவை விட்டுப்போகும். வெற்றிடங்களில் 0 தட்டிவைக்கும்படி மைக்ரோசாஃப்டே தன் உதவிக் குறிப்பில் சொல்கிறது.

இந்த மூன்றுக்கும் ஒரே மருந்து: எங்கிருந்து எங்குவரை என்று எல்லையைச் சொல்லிவிடுவது. =சம்(டி2:டி4) என்று எழுதினால் தலைப்பும் வராது, இடைக்கூட்டலும் வராது. அபவ் என்பதை, தலைப்பில் எண் இல்லாத, ஒரே ஒரு கூட்டல் மட்டும் உள்ள அட்டவணையில் பயன்படுத்துங்கள்.

தமிழில் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது சூத்திரம் ஏற்கவில்லை.

விசைப்பலகை தமிழிலேயே இருந்திருக்கும். சூத்திரம் தட்டும்போது ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கட்டத்தில் உள்ள எண்களையும் 1, 2, 3 என்றே தட்டுங்கள்.

ஒரு வரிசையில் போட்ட சூத்திரத்தைக் கீழே எல்லா வரிசைக்கும் நகலெடுக்கலாமா?

எக்செல் பழகியவர்கள் எதிர்பார்ப்பதுபோல நடக்காது. =பி2*சி2 என்பதை மூன்றாம் வரிசையில் ஒட்டினால் அது =பி3*சி3 ஆகாது. பி2, சி2 என்றே இருக்கும். மேசை வரிசையில் நாற்காலியின் தொகை வந்து நிற்கும். ஒவ்வொன்றிலும் ஷிஃப்ட்+எஃப்9 போட்டு எண்ணை மாற்ற வேண்டும்.

நகலெடுக்கத் தோதான ஒன்று வேண்டுமென்றால் =ப்ராடக்ட்(லெஃப்ட்). ‘இடப்பக்கம் உள்ளதைப் பெருக்கு’ என்று மட்டும் சொல்வதால் எந்த வரிசையில் ஒட்டினாலும் பொருந்தும். ஒட்டிய பிறகு அட்டவணையைத் தேர்ந்தெடுத்து எஃப்9 அழுத்தினால் எல்லா வரிசையும் சரியாகும். ஆனால் இடப்பக்கம் பெருக்க வேண்டிய எண்களைத் தவிர வேறு எண் இருக்கக் கூடாது. வரிசை எண்ணுக்கு ஒரு நெடுவரிசை வைத்திருந்தாலோ, பொருளின் பெயரிலேயே ‘10 கிலோ’ என்பதுபோல எண் இருந்தாலோ அதுவும் பெருக்கலுக்குள் நுழைந்துவிடலாம். அப்படிப்பட்ட பட்டியலில் கட்டப் பெயரையே எழுதுங்கள். கொஞ்சம் வேலை கூடும், ஆனால் நிம்மதி.

இதே காரணத்தால் நடுவில் புது வரிசை சேர்க்கும்போதும் கவனம் வேண்டும். மூன்றாம் வரிசைக்குக் கீழே ஒரு வரிசை நுழைத்தால் பந்தல் ஐந்தாம் வரிசைக்குப் போய்விடும். மொத்தத்தின் சூத்திரம் மட்டும் டி4-லேயே நிற்கும். வரிசை சேர்த்ததும் ஆல்ட்+எஃப்9 போட்டு, கீழே உள்ள எல்லாச் சூத்திரங்களையும் ஒருமுறை பார்த்துத் திருத்துங்கள்.

‘மொத்தம்’ வரிசையில் மூன்று கட்டங்களை ஒன்றாக்கினேன். அதன்பிறகு வரி கணக்கு வரவில்லை.

நம்மூர் ரசீதுகளில் இது எல்லோரும் செய்வது: ‘மொத்தம்’ என்று எழுத ஏ5, பி5, சி5 மூன்றையும் இணைத்து ஒரே நீளக் கட்டமாக்குவோம். இணைத்ததும் அந்த வரிசையில் இருப்பவை இரண்டே கட்டங்கள். வேர்டு அந்த வரிசையை மட்டும் பார்த்து எண்ணுவதால் அவை ஏ5, பி5. கண்ணுக்குத் தொகை நான்காம் நெடுவரிசையில் தெரிந்தாலும் அதன் பெயர் இப்போது பி5. டி5 என்று எழுதினால், அப்படியொரு கட்டம் அட்டவணையில் இல்லை என்று பிழை வரும்.

எனவே வரிக்கு =பி5*0.09 என்று எழுத வேண்டும். அடுத்த வரிசைகளையும் இப்படியே இணைத்திருந்தால் ஆக மொத்தம் =பி5+பி6+பி7. மேலே 2 முதல் 4 வரையிலான வரிசைகள் இணைக்கப்படாதவை என்பதால் =சம்(டி2:டி4) அப்படியே இருக்கட்டும்.

என் யோசனை என்னவென்றால், கட்டங்களை இணைக்கவே வேண்டாம். அந்த மூன்று கட்டங்களுக்கு நடுவே உள்ள கோடுகளை மட்டும் மறைத்துவிடுங்கள். பார்வைக்கு ஒரே கட்டமாகத் தெரியும், கணக்குக்கு நான்கு கட்டமாகவே இருக்கும்.

காற்புள்ளியும் ரூபாய்க் குறியும் வர வைப்பது எப்படி?

ஃபார்முலா பெட்டியில் நம்பர் ஃபார்மேட் என்ற பட்டியல் இருக்கிறது. #,##0.00 என்பதைத் தேர்ந்தெடுத்தால் 21,650.00 என்று வரும். பைசா வேண்டாமென்றால் #,##0. பட்டியலில் இல்லாததை நீங்களே தட்டலாம். முன்னால் ₹ குறி சேர்த்து ₹ #,##0.00 என்று எழுதலாம். ‘ரூ.’ என்று வர வேண்டுமென்றால் அதை ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் அந்தப் புள்ளியைத் தசமப் புள்ளி என்று வேர்டு எடுத்துக்கொள்ளும்.

ஒரு குறை உண்டு. இந்த வடிவமைப்பில் காற்புள்ளி மூன்று மூன்று இலக்கமாகப் பிரிப்பதற்கானது. லட்சம், கோடி என்று பிரித்துக் காட்ட ரைட்டர்தான் வசதி. அதைக் கீழே சொல்கிறேன்.

தாளில் தெரியும் எண்களைக் கூட்டினால் மொத்தம் சரியாக வருமா? எக்செல்லில் ஒரு பைசா இடிக்கிறதே?

எக்செல் திரையில் இரண்டு தசமம் காட்டினாலும், உள்ளே நீண்ட தசமத்தை வைத்துக்கொண்டே கூட்டும். அதனால் சில நேரம் தாளில் தெரியும் எண்களைக் கையால் கூட்டினால் ஒரு பைசா வித்தியாசம் வரும். வேர்டு வேறு மாதிரி. கட்டத்தில் என்ன எழுத்து தெரிகிறதோ அதைத்தான் படித்துக் கூட்டும். வரிக் கட்டத்தை இரண்டு தசமத்துக்கு வடிவமைத்துவிட்டால், ஆக மொத்தம் அந்த இரண்டு தசம எண்ணையே எடுத்துக்கொள்ளும். தாளைக் கையில் வைத்து எண்ணிப் பார்ப்பவருக்குக் கணக்கு இடிக்காது. ரசீது அடிப்பவர்களுக்கு இது உண்மையிலேயே பெரிய வசதி, வேர்டைப் பற்றி யாரும் இதைச் சொல்லிப் பாராட்டி நான் கேட்டதில்லை.

முழு ரூபாயாக்க =ரவுண்ட்(டி8, 0) என்று வேறொரு கட்டத்தில் போடலாம்.

நிபந்தனை வைத்துத் தள்ளுபடி போட முடியுமா?

முடியும். மொத்தம் 20000-க்கு மேல் போனால் 5 சதவீதம் தள்ளுபடி என்றால் =இஃப்(டி5>20000, டி5*0.05, 0). நம் உதாரணத்தில் 1082.50 வரும். விடையாக எண் மட்டுமே வரும். ‘தள்ளுபடி இல்லை’ என்று எழுத்து வரவைக்க இந்தச் சூத்திரம் உதவாது.

ஆச்சரியக்குறி போட்டு ஆங்கிலத்தில் ஏதோ பிழை வருகிறது.

சின்டாக்ஸ் எரர் என்றால் அடைப்புக்குறியோ குறியீடோ தவறு. பெரும்பாலும் திறந்த அடைப்புக்குறியை மூடியிருக்க மாட்டோம். அன்எக்ஸ்பெக்டட் எண்டு ஆஃப் ஃபார்முலா என்றால் சூத்திரம் பாதியில் நிற்கிறது, கடைசியில் ஒரு கூட்டல் குறி தொங்கிக்கொண்டிருக்கும். ஜீரோ டிவைடு என்றால் பூஜ்யத்தால் வகுக்கிறீர்கள். அன்டிஃபைண்டு புக்மார்க் என்றால் வேர்டுக்குத் தெரியாத ஒரு சொல் உள்ளே இருக்கிறது, சம் என்பதை எழுத்துப் பிழையோடு தட்டியிருக்கலாம். நாட் இன் டேபிள் என்றால் இல்லாத கட்டத்தின் பெயர், இதற்கான காரணத்தை மேலே பார்த்தோம்.

ஐரோப்பாவில் இருக்கும் நண்பர்களுக்கு: பிரெஞ்சு, ஜெர்மன் அமைப்பில் உள்ள விண்டோஸில் காற்புள்ளிதான் தசமக் குறி. அங்கே செயல்பாட்டுக்குள் பிரிப்பதற்கு அரைப்புள்ளி போட வேண்டும். =ரவுண்ட்(டி8; 0) என்பதுபோல. ஊரிலிருந்து வந்த கோப்பு அங்கே திறந்தால் பிழை காட்டுவதற்கு இது ஒரு காரணம்.

அட்டவணையில் வந்த மொத்தத்தைக் கடிதத்தின் முதல் பத்தியிலும் காட்டலாமா?

காட்டலாம். இரண்டு இடத்தில் தொகையை எழுதி, ஒன்றை மட்டும் திருத்தி மாட்டிக்கொள்வதை இது தவிர்க்கும். முழு அட்டவணையையும் தேர்ந்தெடுத்து, இன்சர்ட் தாவலில் புக்மார்க் போய் ஒரு பெயர் கொடுங்கள். ‘விலை’ என்ற பெயரை ஆங்கில எழுத்தில் இடைவெளி இல்லாமல் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். பிறகு கடிதத்தில் தொகை வர வேண்டிய இடத்தில் கன்ட்ரோல்+எஃப்9 அழுத்தி, உள்ளே =சம்(விலை டி8) என்று எழுதி எஃப்9 அழுத்துங்கள். ஒரே கட்டம்தான் என்றாலும் சம் வேண்டும்.

நான் சொன்னபடி வேர்டு மேலிருந்து கீழாகப் புதுப்பிப்பதால், கடிதத்தின் பத்தி அட்டவணைக்கு மேலே இருந்தால் முதலில் அட்டவணையைப் புதுப்பித்துவிட்டு அப்புறம் பத்தியைப் புதுப்பியுங்கள்.

கணக்கு முடிந்துவிட்டது. இனி யாரும் மாற்றக் கூடாது.

விடையின் மேல் நின்று கன்ட்ரோல்+எஃப்11 அழுத்தினால் ஃபீல்டு பூட்டப்படும். எஃப்9 அதைத் தொடாது. திறக்க கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எஃப்11. சூத்திரமே வேண்டாம், எண் மட்டும் போதும் என்றால் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எஃப்9. ஆனால் அதன்பிறகு சூத்திரம் திரும்ப வராது. அதனால் இதைச் செய்வதற்கு முன் கோப்புக்கு ஒரு நகல் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது லிப்ரே ஆபிஸ். அதில் எப்படி?

கணக்குக்கு ரைட்டர் எனக்கு வேர்டைவிடப் பிடிக்கும். இலவசம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை.

கட்டத்தில் கர்சரை வைத்து சமக்குறியைத் தட்டுங்கள், அல்லது எஃப்2. மேலே எக்செல்லில் இருப்பதுபோல ஒரு சூத்திரப் பட்டை திறக்கும். பிறகு வேண்டிய கட்டத்தை மவுஸால் சொடுக்கினாலே போதும், அதன் பெயர் தானே வந்துவிடும். பல கட்டங்கள் வேண்டுமானால் இழுத்துத் தேர்ந்தெடுங்கள். என்டர் அழுத்தினால் விடை. எஸ்கேப் அழுத்தினால் ஒன்றும் நடக்காமல் பட்டை மூடும். திருத்துவதற்கும் அதே எஃப்2தான்.

கட்டப் பெயர்கள் இங்கே கோண அடைப்புக்குறிக்குள் வரும். நாற்காலித் தொகைக்கு =<பி2>*<சி2>. மொத்தத்துக்கு =சம் <டி2:டி4>. கையால் தட்டுபவர்கள் அந்தக் கோணக் குறியை மறந்தால் சூத்திரம் வேலை செய்யாது. கர்சர் நிற்கும் கட்டத்தின் பெயர் கீழே நிலைப்பட்டையில் தெரியும், அட்டவணையின் பெயரோடு சேர்த்து. வேர்டில் விரல் வைத்து எண்ணிப் பழகிய எனக்கு இதைப் பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது.

சில செயல்பாடுகளின் பெயர் மாறும். சராசரிக்கு ஆவரேஜ் இல்லை, மீன். முழுமையாக்க, எண்ணுக்குப் பின்னால் ரவுண்ட் என்று எழுதி எத்தனை தசமம் என்று சொல்ல வேண்டும்: =<டி8> ரவுண்ட் 2. பட்டையில் உள்ள செயல்பாட்டுப் பொத்தானை அழுத்தினால் எல்லாம் பட்டியலாக வரும்.

ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றிவிட்டு டேப் அழுத்தி வெளியே வந்தால் பொதுவாக விடைகள் தாமே புதுப்பிக்கப்படும். வரவில்லை என்றால் இங்கேயும் எஃப்9 உதவும்.

லட்சக் காற்புள்ளி வேண்டுமென்றால் கட்டத்தில் வலது சொடுக்கு, நம்பர் ஃபார்மேட். வடிவமைப்புக் குறியீட்டில் #,##,##0.00 என்று தட்டுங்கள். 1,25,000.00 என்று நம் வழக்கப்படி வரும்.

‘எக்ஸ்பிரஷன் இஸ் ஃபால்ட்டி’ என்று இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறியோடு வந்தால் சூத்திரத்தில் தவறு என்று பொருள். எண் தட்டியும் அது எண்ணாக எடுத்துக்கொள்ளப்படவில்லை என்ற சந்தேகம் வந்தால் டேபிள் பட்டியலில் நம்பர் ரெகக்னிஷன் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ரைட்டரில் போட்டதை வேர்டு கோப்பாகச் சேமித்து அனுப்பப் போகிறீர்கள் என்றால், அனுப்பும் முன் வேர்டிலும் ஒருமுறை திறந்து சரிபார்த்துவிடுங்கள். இரண்டும் சூத்திரத்தை எழுதும் முறை வேறு வேறு.

கூகுள் டாக்ஸில்?

அட்டவணைக் கட்டத்துக்குள் இப்படிச் சூத்திரம் எழுதும் வசதி இல்லை. கூகுள் ஷீட்ஸில் கணக்கைப் போட்டு, நகலெடுத்து, டாக்ஸில் ஒட்டும்போது விரிதாளோடு இணைக்கும் தேர்வைக் கொடுங்கள். ஷீட்ஸில் மாறினால் டாக்ஸில் அட்டவணையின் மேல் அப்டேட் என்ற பொத்தான் தெரியும். அதையும் நாம்தான் அழுத்த வேண்டும்.

எப்போது எக்செல்லுக்குப் போவது?

ஒரு வரிசை சேர்த்தால் நாலைந்து சூத்திரத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது என்ற நிலை வந்ததும். என் அனுபவத்தில் பொருள் வரிசைகள் பதினைந்தைத் தாண்டினால் வேர்டில் போராடுவது வீண். சம்பளப் பட்டியல், மாதாமாதம் நீளும் சீட்டுக் கணக்கு போன்றவற்றைத் தொடக்கத்திலேயே எக்செல்லிலோ, லிப்ரே ஆபிஸின் விரிதாளான கால்க்கிலோ போட்டுவிடுங்கள்.

எக்செல்லிலிருந்து சாதாரணமாக நகலெடுத்து வேர்டில் ஒட்டினால் எண்கள் மட்டும்தான் வரும், சூத்திரம் வராது. தொடர்பு அறுபடாமல் இருக்க வேண்டுமென்றால் ஒட்டும் தேர்வுகளில் லிங்க் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். அப்படிச் செய்தால் அந்த எக்செல் கோப்பை இடம் மாற்றக் கூடாது. வேர்டு கோப்பைப் பென் டிரைவில் போட்டு அச்சகத்துக்கு எடுத்துப்போகும்போது எக்செல் கோப்பையும் அதே பென் டிரைவில் போட்டுக்கொண்டால் மட்டும் போதாது, இணைப்பு பழைய இடத்தையே தேடும். கிளம்பும் முன் பிடிஎஃப் ஆக்கி எடுத்துப்போங்கள்.